ஹருவான் யாருக்கு?

சிவப்பு வாளிக்குள் மீன் அடித்த அடியில் சமையலறைத் தரை முழுக்கத் தண்ணீர். மேலே கவிழ்த்து வைத்திருந்த தட்டு எங்கேயோ போய் விழுந்து உருண்டது. தைப்பூசம் முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. என் வீட்டுக்காரர் குளியலறையில். அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. என் இரண்டு கையிலும் நசுக்கின இஞ்சி. அந்த நேரம் பார்த்து போன் அடிக்கிறது.

வேறு யார்? கனடாவிலிருந்து என் மகன் முகிலன்.

போனைப் பிஸ்கட் டின்மேல் சாய்த்து வைத்து, சுண்டுவிரலால் திரையைத் தட்டினேன். வெள்ளை வெளேரென்று ஓர் ஏரி. ஏரி என்று அவன் சொல்லித்தான் தெரியும். பார்த்தால் மாவு கொட்டிப் பரப்பின மேடைதான். நடுவில் வட்டமாக ஓர் ஓட்டை. ஓட்டைக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலி, அதில் கம்பளி மூட்டையாக என் பிள்ளை.

“ம்மா, அப்பா எங்க?”

“ஏன், நான் உனக்கு ஆளாத் தெரியலையா? குளிக்கறாருலா.”

“கோவிச்சுக்காதம்மா. அங்க என்னா சத்தம், தொப்பு தொப்புன்னு?”

அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலில்தான் எங்கள் வீட்டில் பெரிய விஷயமொன்று அம்பலமாகிவிட்டது. வேண்டுமென்றே செய்தேன் என்று இவர் இன்றுவரை சொல்கிறார். இவரோடு மீன் பிடிக்கப் போகிற கனி பாயும் அப்படித்தான் நினைக்கிறார். நீங்களே முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

இரண்டும் ஒரே அச்சு

என் வீட்டுக்காரர் சேகருக்கு உலகத்தில் பிடித்தது மூன்று. ஒன்று தூண்டில், இரண்டு தூண்டில், மூன்றாவதாக நான் இருக்கலாம் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்த காலத்தில் வார நாளெல்லாம் தூங்கி வழிவார். ஞாயிறு வந்தால் கோழி கூவுவதற்கு முன்னால் எழுந்துவிடுவார். மோட்டார்சைக்கிளை ஃபெரியில் ஏற்றிக் கடல் தாண்டி, பட்டர்வொர்த்தில் இறங்கி, சுங்கை பாக்காப் வரைக்கும் போய், செம்பனைத் தோட்டத்துக் குட்டைகளில் ரப்பர் தவளையைத் துள்ள விட்டால்தான் அவருக்கு வாரம் விடியும்.

பின்சீட்டில் முகிலன். பள்ளிக்கூடத்துக்கு எழுப்பினால் போர்வையை இழுத்துக்கொள்கிற பிள்ளை, அன்றைக்கு மட்டும் எனக்கு முன்னால் பல் விளக்கிவிட்டு நிற்கும். சாயங்காலம் இரண்டும் சேறும் சகதியுமாக வந்து நிற்கும். நாங்கள் குடியிருக்கும் டத்தோ கிராமாட்டில், எங்கள் அடுக்குமாடிப் படியைப் பார்த்தே எந்த வீட்டுக்காரர் மீன் பிடிக்கப் போனார் என்று சொல்லிவிடலாம்.

அப்படி ஒட்டிக்கொண்டிருந்தவர்கள்தான் முட்டிக்கொண்டார்கள்.

முகிலனுக்குப் பாயான் லெப்பாஸ் பக்கம் நல்ல வேலை. இன்ஜினியர். வீட்டிலிருந்தே போய்வரலாம். ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது, கனடாவுக்குப் போகிறேன், எல்லாம் கிடைத்துவிட்டது என்றான். கேட்கவில்லை, சொன்னான். இவருக்கு அதுதான் சுட்டது.

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?”

“கேட்டா விட்டிருப்பீங்களா?”

இரண்டு பேரும் சொன்னது நியாயம்தான். நியாயம் இரண்டு பக்கமும் இருந்தால் அந்தச் சண்டை லேசில் ஓயாது. வார்த்தை வளர்ந்தது. கடைசியில் இவர் சோற்றில் கையை உதறிவிட்டு எழுந்தார். “போறவன் போ. எனக்கு ஒண்ணுன்னா உங்கிட்ட வந்து நிக்க மாட்டேன். உன்னை வான்னும் கூப்பிட மாட்டேன்” என்றார்.

அவன் மட்டும் குறைந்தவனா? அதே மூக்கு, அதே வாய். “நீங்களா வாயத் தொறந்து வான்னு சொல்ற வரைக்கும் நானும் வரமாட்டேன்ப்பா” என்றான்.

நான் ஒருத்தி நடுவில் ரசப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ரசம் யாருக்கும் ஊற்றவில்லை.

நேற்றிலிருந்து பேசுகிறவன்

கனடா போன பிறகு முகிலன் என்னோடு மட்டும் பேசுவான். இவர் பக்கத்து அறையில் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு ஒட்டுக்கேட்பார். கேட்டால், “பேட்டரி வீக்குலா, அதான் சத்தம் வரல” என்பார். டி.வி.க்கு ஏது பேட்டரி!

மாதக்கணக்கில் இப்படியே போனது. ஒரு நாள் இவருடைய போனுக்கு ஒரு படம் வந்தது. வாத்து மூக்கு மாதிரி நீண்ட வாயுள்ள ஒரு மீனை முகிலன் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டிருந்தான். ஒரு எழுத்துகூட இல்லை. இவர் அன்று முழுக்க அதைப் பெரிதாக்குவதும் சின்னதாக்குவதுமாக இருந்தார். பசாருக்கு வந்தபோதுகூட, காய்க்காரி முன்னால் நின்றுகொண்டு பார்த்தார். சாயங்காலம் பதில் அனுப்பினார். “பல் இருக்கா?”

இருக்கிறதாம். பைக் என்று பெயராம். நம் ஊர்த் தோமான் மீன் மாதிரி சண்டைக்காரன், தவளையைப் போட்டால் வாயைப் பிளந்துகொண்டு வருவானாம். சண்டை நடந்ததே மறந்துபோன மாதிரி, ஞாயிறுதோறும் காலையில் வீடியோ வர ஆரம்பித்தது. இங்கே ஞாயிறு காலை என்றால் அவன் இருக்கிற எட்மன்டனில் முந்தின நாள் சாயங்காலம். “உம் மகன் நேத்துலேருந்து பேசுறான் பாரு” என்று இவர் தினுசு தினுசாகச் சிரிப்பார். ஒரே ஜோக், வாராவாரம்.

பேச்செல்லாம் மீன், மீன், மீன். சாப்பிட்டாயா, உடம்பு எப்படி, கல்யாணம் எப்போது, ஒன்றும் கிடையாது. அதெல்லாம் என் இலாகா.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நானும் அந்தச் சமையலறை மேஜையில் உட்கார்ந்தே நாலு பருவம் பார்த்துவிட்டேன். எங்களுக்கு இங்கே வெயில், மழை, நடுவில் டுரியான். அவ்வளவுதான். அங்கே பனி உருகும்போது ஏரி படபடவென்று வெடிக்கிற சத்தம் கேட்கும். அந்தச் சமயம் மீன் முட்டை போடும் என்பதால் பிடிக்கவே கூடாதாம், சட்டமாம். தூண்டில் இல்லாமல் போய் வெறும் கரையில் நின்று காட்டுவான்.

“மீனு குடும்பம் நடத்துதுப்பா. நாம போயி கதவத் தட்டக் கூடாது.”

கோடையில் இரவு பத்து மணி வரைக்கும் வெளிச்சம். கொசு மட்டும் நம் ஊர்க் கொசுவைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். பேசிக்கொண்டே கன்னத்தில் அறைந்துகொள்வான். கோடை முடிந்து குளிர் தொடங்கும்போது கரையோர மரமெல்லாம் மஞ்சள் பூசிக்கொள்ளும். அதைப் பார்த்து நான் வாய் பிளந்தால், “மரத்த ஏன்டா காட்டுற, மிதவையக் காட்டுலா” என்று இவர் கத்துவார்.

ஒரு விஷயத்தில்தான் இவருக்கு ஆறவே இல்லை. முகிலன் மீனைப் பிடிப்பான், தூக்கிக் காட்டுவான், தண்ணீரில் விட்டுவிடுவான்.

“டேய், டேய், என்னாடா பண்ற? விடறதுக்கு எதுக்குடா புடிச்ச?”

“இந்த ஏரியில இதை எடுத்துட்டுப் போகக் கூடாதுப்பா. அதோட, இது விளையாட்டுதான?”

“உனக்கு விளையாட்டு. மீனக் கேட்டியா?”

அப்படிப் பேசின மனுஷன்தான். ஒரு நாள் கனி பாய் என் வீட்டு வாசலில் வந்து புகார் வைத்தார். கனி பாய் எங்கள் தெரு முனையில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருப்பவர். முகிலன் போனபிறகு இவரோடு பின்சீட்டில் சுங்கை பாக்காப் போகிறவர் அவர்தான்.

“அக்கா, உங்க வீட்டுக்காரருக்கு கனடா காத்து அடிச்சிருச்சுலா. தொடை தண்டி ஹருவான் மீனு. குஞ்சுங்கள மேய்ச்சுக்கிட்டு வந்துச்சு. அண்ணே அதைப் புடிச்சு, தடவிக் குடுத்து, திருப்பி விடறாரு. கேட்டா, குடும்பம் நடத்துதாம்! நான் தலைல அடிச்சுக்கிட்டேன்.”

இவர் காதில் விழாத மாதிரி செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். எனக்கு அன்றைக்கு இவர் மேல் அப்படியோர் ஆசை வந்தது. மகன் சொன்னதைக் கேட்டு நடக்கிறார், மகனிடம் மட்டும் அதைச் சொல்ல மாட்டார்.

மகன் மேல் சத்தியம்

போன தீபாவளி கழிந்து இவருக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. வயசாகுதுலா என்றார். பிறகு ஒரு நாள் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நெஞ்சைத் திறந்துதான் ஆக வேண்டும் என்றார் டாக்டர்.

“முகிலனுக்குப் போன் போடறேன்” என்றேன்.

“வேணாம்.”

“என்னங்க பேசறீங்க? பெத்த புள்ள!”

“அன்னிக்கு நான் என்னா சொன்னேன்? எனக்கு ஒண்ணுன்னா அவன்கிட்ட போயி நிக்க மாட்டேன்னு சொன்னேனா இல்லையா? இப்ப நெஞ்சப் புடிச்சுக்கிட்டுப் போயி நிக்கவா? நீ வாயத் தொறக்க மாட்டேன்னு அவன் மேல சத்தியம் பண்ணு.”

பண்ணினேன். ஆபரேஷனுக்குப் போகப்போகிற மனுஷனிடம் என்ன சண்டை போடுவது? ஆனால் உள்ளே கொதித்தது. இவருக்கு ஏதாவது ஆகி, அந்தப் பிள்ளை முகம் பார்க்காமலே போய்விட்டால், பிறகு என் முகத்தில் அவன் விழிப்பானா? மருத்துவமனை வராந்தாவில் கனி பாய் வாங்கி வந்த தேத்தண்ணீரைக் கையில் பிடித்துக்கொண்டு இதைத்தான் நினைத்தேன். அழுகைகூட வரவில்லை. கோபம்தான் வந்தது, இரண்டு பேர் மேலும்.

நல்லபடியாக முடிந்தது. படுக்கையில் இருந்த ஞாயிறுகளில், வீட்டில் லைன் ரிப்பேர் என்று பொய் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகு இவர் சட்டையைக் கழுத்து வரை பட்டன் போட்டுக்கொண்டு போன் முன்னால் உட்காருவார். “ஏன்ப்பா குரல் ஒரு மாதிரி இருக்கு?” என்று அவன் கேட்டால், “சளிலா” என்று சொல்லிவிட்டு, “ஐஸ் எவ்ளோ கனம்டா இப்ப?” என்று ஆரம்பித்துவிடுவார். இந்த வருஷத் தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப்பந்தல் பக்கம் தலைகாட்டவில்லை. அதற்கும் சளிதான் காரணம்.

ஊருக்கே தெரிந்த மருந்து

வெளியூர் வாசகர்களுக்காக இதைச் சொல்கிறேன். நீங்கள் விரால் என்பதைத்தான் நாங்கள் மலாய்க்காரர்களோடு சேர்ந்து ஹருவான் என்கிறோம். இங்கே யாருக்காவது உடம்பில் கத்தி வைத்தால், பிள்ளை பிறந்தால், அடுத்த பேச்சு ஹருவான்தான். மலாய்க்காரர், சீனர், நம்மவர் என்ற பேதமே இல்லை. காரம் போடாமல் இஞ்சியும் மிளகும் தட்டிப்போட்டுத் தெளிவாகச் சூப் வைத்துக் கொடுப்பார்கள். புண் ஆறிவிடும் என்பது ஊர் நம்பிக்கை. டாக்டரைக் கேட்டேன், சாப்பிடட்டும் என்றார். எனக்கு அது போதும்.

எங்கள் வீட்டில் இன்னொன்றும் உண்டு. இவர் வாழ்நாளெல்லாம் ஹருவான் பிடித்தாரே தவிர, ஒரு துண்டு வாயில் வைத்ததில்லை. சேற்று வாடையாம். பிடித்ததையெல்லாம் பாய்க்கோ பக்கத்து வீட்டுக்கோ கொடுத்துவிடுவார். எங்கள் அடுப்பில் அது ஏறினது ஒரே தடவைதான், எனக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது. அப்போது முகிலன் மீசை முளைக்கிற வயசு. பிளாஸ்க்கில் சூப்பை ஊற்றிக்கொண்டு பஸ் ஏறி வந்து, நான் குடித்து முடிக்கிற வரைக்கும் கட்டில் பக்கத்தில் நின்றான்.

டாக்டர் சரி என்றதும் கனி பாய்க்கு இருப்புக்கொள்ளவில்லை. “பண்ணை மீனெல்லாம் வேலைக்கு ஆகாதுக்கா, குட்டை மீனுதான்” என்று கடையை மகனிடம் விட்டுவிட்டு, சனிக்கிழமை தனியாகவே போய்ப் பிடித்துவந்தார். ஞாயிறு காலையில் சிவப்பு வாளியோடு வந்து இறக்கினார்.

வாளிக்கு வருகிறேன்

“அங்க என்னா சத்தம், தொப்பு தொப்புன்னு?” என்று முகிலன் கேட்டான் அல்லவா?

அதே நேரம் மீன் வாளியைத் தாண்டி எகிறித் தரையில் விழுந்தது. நான் பழந்துணியைப் போட்டு அமுக்கிப் பிடித்தேன். கனமான மீன். வழவழவென்று கையில் நெளிகிறது. எனக்கே பெருமையாகிவிட்டது. மீன் காட்டுவது அவர்களுக்கு மட்டும்தானா என்ன?

“பாருடா!” என்று போனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். “ஹருவான்! பாய் புடிச்சுக் கொண்டாந்தாரு. உங்க ஊர்ல இருக்கா இந்த மாதிரி?”

“யம்மா, எம்மாம் பெருசு!” என்று சிரித்தான்.

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவன் கண் என் தோளைத் தாண்டிப் போவது தெரிந்தது. அடுப்பில் வெறும் தண்ணீர். பக்கத்தில் இஞ்சி, மிளகு. மிளகாய் இல்லை, புளி இல்லை, தேங்காய் இல்லை.

“ம்மா. ஹருவான் யாருக்கு?”

அவன் மேலேயே அல்லவா சத்தியம் செய்திருக்கிறேன்? மீனைப் பிடித்தபடி நின்றேன். அது பாட்டுக்கு வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. நானும் அப்படித்தான்.

“உனக்கு ஒண்ணும் இல்லல்ல? பின்ன யாருக்கும்மா? யாருக்கு ஆப்பரேஷன்?”

சத்தியமாக நான் ஒரு வார்த்தை பேசவில்லை. குளியலறைக் கதவு திறந்தது. இடுப்பில் துண்டு, தலையில் ஈரம், மேலே சட்டை இல்லை. “யாரு லைன்ல? அவனா? கடிக்குதான்னு கேளு” என்று கேட்டபடியே இவர் நேராகப் போன் முன்னால் வந்து நின்றார்.

கழுத்துக்குக் கீழேயிருந்து நெஞ்சுக்குழி வரைக்கும் ஒரே கோடு. தையல் பிரித்த இடம் இன்னும் சிவந்திருந்தது.

இவருக்கு அப்புறம்தான் உறைத்தது. துண்டை உருவி மேலே போர்த்தவும் முடியாது, அவிழ்ந்துவிடும். இரண்டு கையையும் நெஞ்சின் குறுக்கே வைத்துக்கொண்டு நின்றார்.

“எப்பப்பா?” என்றான் முகிலன்.

“அது... சின்னதுலா. முடிஞ்சுருச்சு. இப்ப நல்லாருக்கேன்.” ஒரு இருமல். “அங்க ஐஸ் எப்படி? சாயங்காலம் வெயில் இருக்கு போல?”

“அப்பா.”

“காத்து இல்லன்னா நல்லாக் கடிக்குமே...”

“அப்பா, என்னை வான்னு சொல்லுங்க.”

இவர் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். அவன் கையுறையைக் கழற்றிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான். “நானா வந்துருவேன்ப்பா. இப்பவே வந்துருவேன். ஆனா நீங்க சொல்லணும். ஒரு தடவ சொல்லுங்க.”

இவர் என்னைப் பார்த்தார். வழக்கமாக எல்லாவற்றுக்கும் நான்தான் இடையில் விழுந்து இரண்டு பக்கமும் ஒட்டுப்போடுவேன். அன்றைக்கு மாட்டேன் என்று நின்றேன். மீனை வாளியில் போட்டேன், தட்டைக் கவிழ்த்தேன், அதன் மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தேன். நீங்களாச்சு, உங்கள் மகனாச்சு.

திரையில் கிணிகிணியென்று ஒரு சத்தம். ஓட்டைக்குப் பக்கத்தில் நட்டிருந்த குட்டித் தூண்டிலின் நுனியில் மணி கட்டியிருக்கிறான். நுனி வளைந்து வளைந்து நிமிர்கிறது. நல்ல மீன்தான். இவர் கண் தானாக அங்கே போயிற்று.

“டேய், மணி அடிக்குதுடா.”

“அடிக்கட்டும்” என்றான் அவன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. இவர் தாடை ஆடியது. இத்தனை வருஷத்தில் இவர் அழுது நான் பார்த்ததில்லை. மாமனார் காரியத்தில்கூட இல்லை. நெஞ்சில் குறுக்கே வைத்திருந்த கை இரண்டும் கீழே இறங்கின.

“வாடா” என்றார். பிறகு, ஏதோ அடைப்பு எடுத்துவிட்ட மாதிரி எல்லாம் வந்தது. “வாடா சாமி. படுக்க வெச்சு உள்ள தள்ளிக்கிட்டுப் போறப்ப உன்னப் பாக்காமப் போயிருவேனோன்னு பயந்துட்டேன்டா. சொல்ல வாய் வரல. வந்துரு.”

நான் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். மணி எப்போது நின்றது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது.

முகிலன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே தலையாட்டினான். “வரேன்ப்பா. நாளைக்கே டிக்கெட் பாக்கறேன்.”

“நாளைக்கா?” என்றார் இவர். “ஏன்டா, இன்னிக்கு என்னா?”